வான் பாயும் ஊரில் நீந்தப் பழகுவோம்

பெரியவர்களுக்கும் பயிற்றுநர்களுக்குமான வார இறுதி நீச்சல் பட்டறைக்குப் போகலாமா, போனால் என்ன கிடைக்கும் என்று வன்னி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை முழுப் பக்கத்தையும் ஒதுக்குகிறேன். எங்கள் பக்கத்தில் குளமில்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நீந்தத் தெரிந்த பெரியவர்களையும் அப்படித் தேட வேண்டியிருப்பது எனக்குத் தாங்க முடியாத ஒன்று.

எனக்கு 52 வயது. இனிமேல் நீந்தப் பழகலாமோ?
— அரச ஊழியர், கிளிநொச்சி

ஜப்பானில் மியேகோ நகாஓகா என்ற அம்மையார், எண்பது வயதைத் தொட்ட பிறகுதான் முழங்கால் வருத்தத்துக்காகத் தண்ணீரில் இறங்கினார். 2015 இல், தன் 100 ஆவது வயதில், 25 மீற்றர் தடாகத்தில் 1500 மீற்றரை நீந்தி முடித்தார். எடுத்த நேரம் 1 மணித்தியாலம் 15 நிமிடம் 54 செக்கன். அவர் தொடங்கிய வயதுக்கு நீங்கள் வர இன்னும் 28 வருடம் கிடக்கிறது. அவ்வளவு காலம் பொறுக்க வேண்டாம், வருகிற சனிக்கிழமையே போங்கள்.

பிரஷர், சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம், வலிப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். பிறகு பயிற்றுநரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கத்தில் மறைத்த வருத்தம் தண்ணீருக்குள் வெளியே வந்தால் ஆபத்து.

சனி, ஞாயிறு இரண்டே நாள். அதற்குள் நீந்தப் பழகிவிடலாமா?
— வாசகி, பரந்தன்

இல்லை. அப்படிச் சொல்லிக் காசு வாங்குபவர்களிடம் போகாதீர்கள்.

இரண்டு நாளில் நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். தண்ணீருக்கே புதியவர் என்றால் முகத்தை உள்ளே வைத்து மூச்சு விடவும், கை கால் நீட்டி மிதக்கவும், மிதந்த நிலையிலிருந்து பதறாமல் எழுந்து நிற்கவும் பழகலாம். கடைசியாகச் சொன்னதைப் பலர் கற்றுக்கொடுப்பதே இல்லை. மிதக்கிறவருக்கு எழும்பத் தெரியாவிட்டால் இடுப்பளவு தண்ணீரிலும் பயம் பிடித்துவிடும். முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, கைகளால் தண்ணீரைக் கீழே அமத்தி, தலையைத் தூக்கி, பாதத்தை நிலத்தில் வைப்பது. இவ்வளவுதான். இது கைவந்த அன்றே பாதிப் பயம் போய்விடும்.

ஏற்கெனவே நீந்துகிறவர் என்றால் உங்கள் பிழை எது என்பது தெரியவரும். திருந்துவதற்கு அதற்குப் பிறகு பல கிழமை வேண்டும். நல்ல பட்டறைகளில் முதல்நாள் காலையிலேயே ஒவ்வொருவரையும் தண்ணீருக்கு மேலும் கீழும் வீடியோ எடுப்பார்கள். கை நேராகப் போகிறது என்று நாம் நினைத்திருப்போம். அது தலைக்கு முன்னால் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதைத் திரையில் பார்க்கும்போதுதான் நம்புவோம். அந்த ஒரு வீடியோவுக்காகவே போகலாம். ஆனால் பத்துப் பிழையையும் ஒன்றாகத் திருத்தப் பார்க்காதீர்கள். எந்த ஒன்றைத் திருத்தினால் மற்றவை தானாகக் குறையும் என்று பயிற்றுநரிடம் கேட்டு, அதை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

வயலில் விடியத்தொடங்கிப் பொழுதுபடும்வரை வேலை செய்கிறேன், களைப்பில்லை. தடாகத்தில் 25 மீற்றர் போனால் நாய்போல இளைக்கிறது. ஏன்?
— விவசாயி, அக்கராயன்

ஐயா, உங்கள் நெஞ்சில் குறையில்லை. மூச்சை எடுப்பது சரி, விடுவதில்தான் பிழை.

முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுக்க மூச்சை அடக்கி வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறிக்கொண்டே போகிறது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் அதுதான். ஒட்சிசன் குறைந்தது அல்ல. பிறகு தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடிக்குள் பழைய காற்றை விட்டுப் புதிய காற்றையும் எடுக்கப் பார்க்கிறீர்கள். இரண்டுக்கும் நேரம் போதாது. ஆகவே முகம் உள்ளே போனதுமே மூக்காலும் வாயாலும் மெல்ல மெல்லக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். திரும்பும்போது எடுப்பது மட்டும்தான் வேலையாக இருக்க வேண்டும். தடாகத்தின் கரையைப் பிடித்தபடி இதையே முப்பது நாற்பது தரம் செய்து பாருங்கள். பிறகு நீந்துங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கும். மூச்சுக்காகத் தலையை முன்பக்கம் தூக்குகிறீர்களா? மனித உடலில் காற்று நிற்பது நெஞ்சில், பாரம் கூடியது இடுப்பிலும் காலிலும். துலாவின் ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்குவதுபோல, தலை ஏறினால் இடுப்பு தாழும். தாழ்ந்த இடுப்பையும் காலையும் இழுத்துக்கொண்டு போவதில்தான் உங்கள் பலம் முழுக்கக் கரைகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதோடு மல்லுக்கட்டி யாராலும் வெல்ல முடியாது, எதிர்ப்புக் குறைவாக இருக்கும்படி உடலை நீட்டத்தான் பழக வேண்டும். பார்வை தடாகத்தின் அடித்தளத்தில் இருக்கட்டும். மூச்சுக்குத் தலையைத் தூக்காமல் உடலோடு சேர்த்துப் பக்கவாட்டில் உருட்டுங்கள்.

தொப்பி கட்டாயமா? எனக்கு மொட்டை.
— வாசகர், வவுனியா

மேலே கூரையில்லாத தடாகமென்றால் உங்களுக்குத்தான் முதலில் தொப்பி. வவுனியா வெயில் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீச்சல் உடுப்புப் போட வெட்கம். வயது 38, இரண்டு பிள்ளைகளின் தாய். பிள்ளைகளை மட்டும் அனுப்பினால் போதாதா?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

போதாது, தங்கச்சி. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அதற்கான காரணம் கிடக்கிறது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது முல்லைத்தீவுக் கரையில் என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று மாதம் கழித்து ஒக்ஸ்பாம் நிறுவனம் இலங்கை, இந்தியா, இந்தோனேசியா மூன்றிலும் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் பார்த்த பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்திருந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, கரையில் நின்றது என்று காரணங்கள் பல. இலங்கையைப் பற்றி அவர்கள் குறித்த ஒன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை: நீந்தவும் மரமேறவும் இங்கே ஆண்பிள்ளைகளுக்குத்தான் பழக்கியிருந்தார்கள், அது ஆண்கள் தப்ப உதவியது. தண்ணீர் பார்த்துப் பிரிக்கவில்லை, பழக்கத்தில் நாங்கள்தான் பிரித்து வைத்திருந்தோம்.

உடுப்புக்கு வருகிறேன். முழங்கை, கணுக்கால் வரை மூடும் நீச்சல் துணி உடைகள் இப்போது கடைகளில் இருக்கின்றன. அது கிடைக்காவிட்டால் உடலோடு ஒட்டி நிற்கும் நைலோன் துணியில் நீளக்கையும் நீளக்காலும். பருத்திச் சட்டையும் சுடிதாரும் வேண்டாம், தண்ணீரைக் குடித்துப் பாரமாகி ஆளைக் கீழே இழுக்கும். துப்பட்டா கரையில் இருக்கட்டும்.

பட்டறை நடத்துபவர்களிடம் பெண்களுக்கென்று தனி நேரமும் ஒரு பெண் பயிற்றுநரும் கேளுங்கள். நாலு பேராகச் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். தெற்கே வெலிகமையில் சீ சிஸ்டர்ஸ் என்ற அமைப்பு பெண்களுக்கு நீச்சலும் அலைச்சறுக்கும் பழக்கி வருகிறது. வெலிகமையில் முடிந்தது புதுக்குடியிருப்பிலும் முடியும்.

நாங்கள் குளத்தில் விழுந்து பழகின ஆக்கள். தடாகம் எதற்கு, பட்டறை எதற்கு?
— வாசகர், வவுனிக்குளம்

உங்களைப் போன்றவர்களில்தான் எனக்கு நம்பிக்கை கூட. தண்ணீர்ப் பயம் இல்லை என்பது பெரிய முதல். ஆனால் ஒன்று கேட்கிறேன்: உங்களோடு குளத்தில் விழுந்து பழகின எல்லோரும் இன்று இருக்கிறார்களா?

குளம் எங்களுக்குச் சோறு போடுகிறது. இரணைமடு 1920 இல் கட்டி முடிந்ததிலிருந்து எத்தனை தலைமுறை அதை நம்பி விதைத்திருக்கிறது. அந்த மரியாதையோடு சொல்கிறேன், நீந்தப் பழகும் இடம் குளமல்ல. துரிசு திறந்திருந்தால் மேலே அசைவில்லாமல் அடியில் இழுக்கும். வான் பாயும் இடத்தில் முழங்காலளவு தண்ணீர்கூட ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். அலைகரையில் மண் கிண்டின குழி எங்கே இருக்கிறது என்று மழைக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. தாமரைக் கொடி, சேறு, எங்கள் குளங்களில் முதலை. காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சலும் வரலாம். 2018 டிசெம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊருக்குள் வெள்ளம் வந்ததை நினைத்துப் பாருங்கள். பழக்கமான குளம் அன்று யாருக்கும் பழக்கமானதாக இருக்கவில்லை.

குளத்தில் பழகினவர்கள் பெரும்பாலும் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவார்கள். வழி பார்க்க அது உதவும், தூரம் போக உதவாது. கிளிநொச்சி விளையாட்டுத் தொகுதியில் தடாகம் இருக்கிறது. அடி தெரியும் தண்ணீரில், பக்கத்தில் பிடிக்க விளிம்போடு, நீண்ட நேரம் களைக்காமல் மிதப்பதை மட்டும் பழகிக்கொண்டு போங்கள். பிறகு உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீங்களே காவல்.

இருபது வருடமாகக் கடற்றொழில். எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?
— மீனவர், முல்லைத்தீவு

அண்ணை, நீரோட்டத்தையும் காற்றையும் பற்றி அவர்கள் உங்களிடம்தான் கேட்க வேண்டும். கரையிலிருந்து வெளியே இழுக்கும் ஓட்டத்தில் அகப்பட்டால் நேரே கரையைப் பார்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக ஒதுங்க வேண்டும் என்பதை உங்கள் வாயால் சொன்னால் பட்டறைக்கு வந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நீங்கள் அங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உடுப்போடு விழுந்து, மல்லாந்து, நீண்ட நேரம் மிதப்பது. வள்ளம் கவிழ்ந்தால் வேகமாக நீந்துபவரைவிடப் பொறுமையாக மிதப்பவர் தப்புவதற்கே வாய்ப்புக் கூட. உயிர்காப்பு அங்கியை வள்ளத்தின் மூலையில் சுருட்டி வைத்திருந்தால் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் போடுங்கள். கடலில் விழுந்த பிறகு அதை மாட்டுவது மிகக் கடினம்.

ஷெல்லடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன். பட்டறைக்கு வந்தால் மற்றவர்களுக்குத் தொல்லையாக இருப்பேனோ?
— வாசகர், முல்லைத்தீவு மாவட்டம்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். தொல்லை என்ற சொல்லை இனி எழுத வேண்டாம்.

தரையில் ஒரு கால் இல்லாதது ஒவ்வொரு அடியிலும் தெரியும். தண்ணீரில் உடலின் பாரத்தைத் தண்ணீரே தாங்குகிறது. ஃப்ரீஸ்டைலில் ஆளை முன்னே கொண்டுபோவது பெரும்பாலும் கைகள்தான். கால் சமநிலைக்கும் தாளத்துக்கும் உதவும். ஒரு பக்கம் குறையும்போது உடல் உருளப் பார்க்கும். அதைத் தலையின் நிலையாலும் கை தண்ணீருக்குள் போகும் இடத்தாலும் சமப்படுத்தலாம். தொடைகளுக்கு நடுவே வைக்கும் மிதவையோடு முதலில் கைவேலையை மட்டும் பழகுங்கள்.

தென்னாபிரிக்காவின் நத்தலி டு டொயிட் 2001 இல் வீதி விபத்தில் இடது காலை இழந்தவர். 2008 இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டு காலும் உள்ளவர்களோடு 10 கிலோமீற்றர் திறந்த நீர்ப் போட்டியில் நீந்தி 16 ஆவதாக வந்தார். இந்தியாவின் முரளிகாந்த் பெட்கர் 1965 போரில் குண்டடிபட்ட சிப்பாய். உடல்நலம் தேறுவதற்காக நீச்சலுக்குப் போனவர், 1972 இல் ஹைடல்பேர்க் பராலிம்பிக்கில் 50 மீற்றர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றார். பராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. போரில் காயப்பட்ட உடலும் தண்ணீரில் முழு உடலாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

நடைமுறையாகச் சில. செயற்கைக் காலைத் தண்ணீரின் விளிம்புவரை போட்டுக்கொண்டு வாருங்கள். அங்கே ஒரு கதிரை வைக்கச் சொல்லுங்கள், கழற்றி அதில் விட்டுப் படியால் இறங்குங்கள். ஈரத் தரையில் ஒற்றைக் காலால் துள்ள வேண்டாம். காலின் முனையில் புண்ணோ உரசலோ இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். பட்டறை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வன்னியில் பெரியவர்களுக்கென்று எதை நடத்தினாலும் கைபிடியுள்ள படியும் அந்தக் கதிரையும் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். யாராவது வந்து கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

நான் பாடசாலை உடற்கல்வி ஆசிரியர். பயிற்றுநராகப் பட்டறைக்குப் போகிறேன். எதைக் கவனிக்க?
— ஆசிரியர், மாங்குளம்

வன்னிக்கு நீங்கள்தான் மிக அவசியம். நீந்தப் பழகிய ஒருவர் தன்னைக் காப்பார். பழக்கத் தெரிந்த ஒருவர் ஊருக்கே ஆவார்.

மற்றவர்கள் தண்ணீரைப் பார்க்கும்போது நீங்கள் பயிற்றுநரைப் பாருங்கள். எங்கே நிற்கிறார்? எல்லோரையும் ஒரே பார்வையில் எண்ணக்கூடிய இடத்தில் நிற்கிறாரா? ஒருவரிடம் ஒரு தரத்தில் எத்தனை விஷயம் சொல்கிறார்? நல்லவர் ஒன்றுதான் சொல்வார், அதையும் சின்ன வசனத்தில். "முழங்கையை உயர்த்தி, மணிக்கட்டை வளைக்காமல், விரலைச் சேர்த்து" என்று அடுக்கினால் கேட்பவர் மூன்றையும் விட்டுவிடுவார்.

பெரியவர்கள் பிள்ளைகளைப்போல் அல்ல. ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் வைத்திருங்கள். மற்றவர்கள் முன்னால் திருத்தினால் சுருங்கிப் போவார்கள், கிட்டப்போய்ச் சொல்லுங்கள். பயந்தவரைத் தள்ளிவிட்டுப் பழக்கும் பழைய முறையை எந்த வயதினரிடமும் செய்யாதீர்கள். ஒரு தள்ளலில் நீச்சலை வாழ்நாள் முழுக்க விட்டவர்கள் எத்தனையோ பேர்.

கணக்கும் பழகுங்கள். நீந்தத் தெரிந்த ஒருவரை 400 மீற்றர் நேரம் பிடித்து நீந்தவிட்டு, நன்றாக ஆறிய பின் 200 மீற்றர் நீந்தவிடுங்கள். முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால், 100 மீற்றருக்கு அவர் தாங்கக்கூடிய வேகம் ஏறக்குறைய வரும். 10 நிமிடத்தில் 400, 4 நிமிடம் 40 செக்கனில் 200 என்றால் 2 நிமிடம் 40 செக்கன். அதைச் சுற்றித்தான் அவருடைய பயிற்சி. ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

கண்ணுக்கு முன்னால் ஒருவர் தாழ்ந்தால் உடனே குதிக்கலாமா?
— மாணவர், நெடுங்கேணி

குதிக்காதே, தம்பி. உயிர்காப்புப் பயிற்சி இல்லாதவர் குதித்தால் பல தடவை இரண்டு பேரும் போய்விடுகிறார்கள். தடியை நீட்டு, கயிற்றை எறி, வெறும் கானை மூடியோடு எறி, சாரத்தைக் கழற்றி எறி. சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடு. 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.

நீரில் அமிழ்கிறவர் படத்தில் காட்டுவதுபோல் கத்திக் கையாட்ட மாட்டார். வாய் நீர்மட்டத்தில், தலை பின்னே சாய்ந்து, சத்தமில்லாமல் நிற்பார். அதைப் பார்க்கப் பழகு.

கரைக்குக் கொண்டுவந்தால் வயிற்றை அமத்துவதும் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வேண்டவே வேண்டாம், நேரம்தான் போகும். மூச்சில்லாவிட்டால், பயிற்சி பெற்றவர் வாயால் ஐந்து மூச்சுக் கொடுத்து, பிறகு நெஞ்சில் 30 அமத்தல், 2 மூச்சு என்று அம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். இதைப் படித்து மட்டும் பழக முடியாது. பட்டறையில் பொம்மை வைத்துச் செய்து காட்டுவார்கள், விடாமல் போய்ச் செய்து பார்.

என்னென்ன கொண்டு போக வேண்டும்?
— வாசகி, செட்டிகுளம்

நீச்சல் கண்ணாடி, துவாய், மாற்றுடுப்பு, தண்ணீர்ப் போத்தல், கொப்பி, பேனை. இறங்குமுன் தலைமுடியை நல்ல தண்ணீரில் நனையுங்கள், குளோரின் குறைவாக ஏறும். மதியச் சோற்றுக்குப் பிறகு நேரே தண்ணீருக்குள் ஓட வேண்டாம்.

பாக்கு நீரிணையை நீந்திக் கடக்க ஆசை. வயது 24. எங்கே தொடங்க?
— இளைஞர், ஓமந்தை

நல்ல ஆசை, வடக்குக்கு உரிமையான ஆசை. தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954 இல் அந்த நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் போய்த் திரும்பி 51 மணித்தியாலம் கடலில் இருந்தார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். 2021 ஏப்ரலில் ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பியது 28 மணித்தியாலம் 19 நிமிடத்தில். ஆனந்தனின் சாதனை அசைய ஐம்பது வருடம் எடுத்திருக்கிறது.

துணைப் படகு, வைத்தியர், இரு நாட்டு அனுமதி, நீரோட்டம் பார்த்து நாள் குறிக்கத் தெரிந்தவர்கள் என்று இதற்கு ஒரு குழுவே வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன வேலை. மாங்குளம் ஆசிரியருக்குச் சொன்ன 400 மீற்றரை நிற்காமல் நீந்திவிட்டு நேரத்தை எனக்கு எழுதியனுப்புங்கள். இடையில் எத்தனை தரம் விளிம்பைப் பிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.